லண்டனிலிருந்து ஏற்காடு எத்தனை மணி நேரம்?

சேலம் பஸ் நிலையத்தில் ஏற்காடு வண்டியில் ஏறி உட்காரும் வெளியூர்க்காரர் நடத்துநரிடம், "ஏற்காடு எவ்வளவு தூரம்ங்க?" என்று கேட்கிறார். "ஒரு மணி நேரம் ஆகுங்க" என்று பதில் வருகிறது. கேட்டது தூரம், கிடைத்தது நேரம். ஆனாலும் கேட்டவருக்குத் திருப்திதான். அவருக்குத் தெரிய வேண்டியிருந்ததும் அதுதானே.

தமிழருக்கு இது புதிய பழக்கம் அல்ல. கிலோமீட்டரும் மைலும் வருவதற்கு முன்பே இங்கே 'நாழிகை வழி' என்றொரு அளவு இருந்தது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்துக்குள் ஒருவர் நடந்து கடக்கும் தூரமே ஒரு நாழிகை வழி. பழைய அகராதிகள் அதைச் சுமார் ஒன்றரை மைல் என்று கணக்கிட்டிருக்கின்றன. நடக்கிறவரின் காலை வைத்தே தூரத்தை அளந்த முறை அது. இன்று "துபாய் நாலு மணி நேரம், லண்டன் பத்து மணி நேரம்" என்று சொல்லும்போதும் நாம் நாழிகை வழியில்தான் பேசுகிறோம். கால் போய் இறக்கை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, லண்டனிலிருந்து ஏற்காடு எத்தனை நாழிகை வழி? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இந்தக் கேள்வி பொருத்தமானது. ஏனென்றால் இருநூறு ஆண்டுகளாக இந்த மலைக்கு ஆட்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியை நட்டுப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தோட்டக்காரர்கள், பாதிரிமார்கள், பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் என்று பலர் வந்தார்கள். மலைமேல் உள்ள தேவாலயங்களும் பங்களாக்களும் அந்தப் பயணங்களின் மிச்சம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தையல் நூலின் ஒரு முனையைச் சேலம் இருக்கும் இடத்தில் வைத்து, மறுமுனையை லண்டன் வரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நூல் மும்பையை ஒட்டி ஏறி, கராச்சிக்குப் பக்கத்தில் கரை தொட்டு, ஈரானைக் கடந்து, காஸ்பியன் கடலின் தென்மேற்கு ஓரத்தை உரசும். பாதி வழி அங்கே வருகிறது. பிறகு காகசஸ் மலை, கருங்கடலின் வடகரை, உக்ரைன், ஸ்லோவாக்கியா, ஜெர்மனி என்று போய் லண்டனில் முடியும். நூலை எடுத்து அளந்து உருண்டையின் அளவுக்குப் பெருக்கினால் சுமார் 8,200 கி.மீ. வரும்.

இதே இரண்டு ஊர்களையும் சுவரில் மாட்டிய தட்டையான படத்தில் அடிக்கோலால் இணைத்தால், கோடு அரபிக் கடல், அரபு நாடுகள், துருக்கி என்று தெற்கே தள்ளிப் போகும். பார்வைக்கு அது நேர்கோடு. ஆனால் பூமியில் அது சுற்றுவழி. ஆரஞ்சுத் தோலை உரித்து மேஜைமேல் தட்டையாக அழுத்தினால் ஓரங்கள் கிழிந்துவிடும். கிழியாமல் வரைய வேண்டுமானால் எங்காவது இழுத்து நீட்டித்தான் ஆக வேண்டும். உலகப் படம் போடுகிறவர்கள் துருவப் பக்கத்தை அப்படி நீட்டுகிறார்கள். விமானத்தில் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் பாதை வில்லாக வளைந்து தெரிவதற்குக் காரணம் அதுதான். நூல் காட்டிய வழியைத்தான் விமானி பிடிக்கப் பார்க்கிறார்.

பிடிக்கப் பார்க்கிறார் என்பதற்கு மேல் சொல்ல முடியாது. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. நூல் போகும் வழியோ போரில் சிக்கிய அந்நாட்டின் தென்பகுதியைக் கடக்கிறது. அதனால் விமானங்கள் துருக்கி, ருமேனியா பக்கம் விலகிப் போகின்றன. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வானத்தை மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்களுக்கு அது பெரிய அடி. தெற்கே இருக்கும் சென்னைக்கு அரபிக் கடல் வழி கைகொடுப்பதால் சுமை சற்றுக் குறைவு. வானத்தில் வேலி இல்லை என்பார்கள். வேலி இருக்கிறது, பயணச்சீட்டு வாங்குகிறவர் அதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

இனி நேரம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்தில் போகும். ஹீத்ரோவிலிருந்து சென்னை 8,230 கி.மீ. வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது. கால அட்டவணை சென்னைக்கு வர ஏறத்தாழ 10 மணி நேரம் என்கிறது. திரும்பிப் போக 11 மணி நேரத்தை நெருங்குகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அட்டவணை காட்டுவது பறக்கும் நேரத்தை மட்டும் அல்ல. நிலையத்தை விட்டு விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கி, ஊர்ந்து, மறுபடி ஓரிடத்தில் நிற்கும் வரைக்கும் உள்ள நேரம் முழுவதும் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பது, மேலே ஏற அரை மணி, கீழே இறங்க அரை மணி எல்லாம் சேரும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது.

போவதற்கும் வருவதற்கும் நேரம் மாறுவதைப் பார்த்து, பூமி கிழக்கே சுழல்வதால்தான் இப்படி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது சரியல்ல. பூமி சுழலும்போது அதைப் போர்த்தியிருக்கும் காற்றும் சேர்ந்துதான் சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் பறக்கும் ஈ பின்னால் சுவரில் போய் மோதுவதில்லை அல்லவா, அதுபோலத்தான். விமானத்தைத் தள்ளுவதும் தடுப்பதும் மேல்வானக் காற்று. வடக்கே, நடு அட்சரேகைகளில், 10 கி.மீ. உயரத்துக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. லண்டனிலிருந்து வருகிறவருக்கு அது பின்னாலிருந்து தள்ளும் காற்று, போகிறவருக்கு முகத்தில் அடிக்கும் காற்று.

இங்கே சேர்வராயன் மலைக்கு மேலே ஒரு தனிக்கதை இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவின் மேல்வானத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக வேகமெடுத்து ஓடும். சுமார் 14, 15 கி.மீ. உயரத்தில் அதன் விசை மிகுதி, விமானங்கள் போகும் உயரத்திலும் அது உணரப்படும். இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1950களில் கண்டு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். ஆக ஜூலை மாதத்தில் சென்னையிலிருந்து லண்டன் கிளம்பும் விமானத்துக்கு முதல் சில மணி நேரம் காற்று துணை நிற்கும். வடக்கே போன பிறகுதான் எதிர்க்காற்று. தரையில் ஏற்காட்டுக் காப்பிச் செடிகளைத் தென்மேற்குக் காற்று ஆட்டிக்கொண்டிருக்கும் அதே நாளில், அதே இடத்துக்கு மேலே, எதிர்த்திசையில் ஒரு பெருங்காற்று போய்க்கொண்டிருக்கிறது.

பத்து மணி நேரம் உட்கார்ந்து வருவது பெரும்பாடு என்று அலுத்துக்கொள்கிறோம். ஏற்காட்டுக்கு முன்னால் வந்தவர்களின் கணக்கை வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பத்து மணி நேரத்தின் அருமை தெரியும்.

பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் 1826இல் யாழ்ப்பாணம் வந்தவர். ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பிற்பாடு சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார், 1855இல் 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்தினார், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தார். 1882இல் அவர் காலமானது ஏற்காட்டில். அவர் இளைஞராகக் கப்பல் ஏறியபோது சூயஸ் கால்வாய் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தக் கடல்வழி ஏறத்தாழ 20,000 கி.மீ. நீளம். பாய்மரத்தை நம்பிய பயணத்துக்கு நாலைந்து மாதம் ஆகும். காற்று செத்தால் கப்பலும் நின்றுவிடும். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிப் பதில் பெற ஏறக்குறைய ஒரு வருஷம். தாயார் இறந்த செய்திக்கு எழுதிய பதில் போய்ச் சேரும்போது அங்கே திவசமே நெருங்கியிருக்கும் என்று நம் வழக்கில் சொல்லலாம். ஊரை விட்டு வருவது அன்று ஏறக்குறைய ஒரேயடியாக விடைபெறுவதுதான்.

அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்க்க 1858இல் இந்தியா வந்தார். அவர் வந்த காலத்தில் நீராவிக் கப்பலில் எகிப்து வரை வந்து, அங்கே தரைவழியாகக் கடந்து, செங்கடலில் வேறு கப்பல் ஏறும் வழி ஏற்பட்டிருந்தது. மாதங்கள் வாரங்களாகின. 1869இல் சூயஸ் திறந்தது, லண்டனிலிருந்து சென்னைக்கான கடல்வழி 13,500 கி.மீ. அளவுக்குச் சுருங்கியது. பயணம் ஒரு மாதத்துக்குள் வந்தது. தரையில் 1856இல் ராயபுரத்தில் தொடங்கிய தென்னக ரயில், 1860களின் தொடக்கத்திலேயே சேலத்தைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஏற்காட்டுக்காரருக்கு லண்டன் எட்டாத ஊர் இல்லை.

வானத்தில் முதலில் வந்தது ஆள் அல்ல, கடிதம். லண்டனிலிருந்து கராச்சிக்கு விமானத் தபால் 1929இல் தொடங்கியது. 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைத் தூக்கி வந்தவர் நெவில் வின்சென்ட். பாய்மரக் காலத்தில் நாலைந்து மாதம் எடுத்த கடிதம் பத்து நாளில் வந்து சேர்ந்தது. 1948 ஜூன் 8இல் 'மலபார் பிரின்சஸ்' என்ற ஏர் இந்தியா விமானம் கெய்ரோ, ஜெனீவா வழியாகப் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. அன்றுதான் இந்திய விமானம் ஒன்று முதன்முறையாக அந்தத் தூரத்தை நாள் கணக்குக்குள் அடக்கியது.

லண்டன் விமானம் இறங்கும் மீனம்பாக்கம் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்கத்தான் வேண்டும். ஓடுபாதைக்கு அருகே பரங்கிமலை இருக்கிறது. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் நோக்கி, 100 அடிச் சங்கிலியைத் தரையில் கிடத்திக் கிடத்தி, 400 முறை அளந்தார். ஏறத்தாழ 12 கி.மீ. அளக்க 57 நாள் ஆயிற்று. வெயிலில் சங்கிலி நீளுமே என்று அதன் சூட்டையும் கணக்கில் எடுத்தார்கள். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக்கொண்டுபோய், 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரி முதல் இமயமலை அடிவாரம் வரை நாட்டையே அளந்து முடித்தார்கள். ஏற்காடு அந்த ரேகைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. பூமி எந்த அளவுக்கு உருண்டை, எங்கே தட்டை என்பதைத் துல்லியமாக்கிய அளவுகளில் இதுவும் ஒன்று. 8,200 கி.மீ. என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் அந்தச் சங்கிலியின் கணுக்களும் இருக்கின்றன.

அதே ஓடுபாதைக்கு இன்னொரு பக்கம் பல்லாவரம். 1863 மே 30இல் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி அது. இந்தியாவின் வரலாறு பல லட்சம் ஆண்டுகள் பின்னால் போனது அந்த ஒரு கல்லால். ஓய்வுக்குப் பிறகு ஃபூட் வீடு கட்டி இருந்தது ஏற்காட்டில். 1912இல் கல்கத்தாவில் இறந்தவரின் நினைவிடம் இந்த மலையின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. லண்டன் விமானம் தரை தொடும் இடத்துக்கும் அதில் வருகிறவர் போகப்போகும் மலைக்கும் இப்படி ஒரு முடிச்சு.

சென்னையில் இறங்கியாயிற்று. ஏற்காடு இன்னும் 370 கி.மீ. இருக்கிறது.

வானவழியில் சேலம் 265 கி.மீ.தான். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் 1993இல் விமான நிலையம் வந்தது. சேவைகள் வந்தன, நின்றன. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனம் பறக்கத் தொடங்கி 2021இல் நிறுத்தியது. 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியது. இங்கே வருவது விசிறி வைத்த ஏ.டி.ஆர். ரக விமானம், மணிக்கு 500 கி.மீ. போகும். கணக்குப்படி அரை மணியில் வந்துவிட வேண்டும். அட்டவணையில் இருப்பதோ ஒரு மணி நேரத்தை ஒட்டி. ஏறுவதும் இறங்குவதும் நீண்ட பயணத்தில் கரைந்துபோகும், குறுகிய பயணத்தில் அதுவே பாதி. விமான நேரம் கிடைக்காதவர்கள் இரவு ரயிலைப் பிடிக்கிறார்கள். சென்னை சென்ட்ரலில் கிளம்பும் அந்த ரயிலின் பெயரே ஏற்காடு எக்ஸ்பிரஸ். ஐந்து மணி நேரத்தில் சேலத்தில் இறக்கிவிடும். பெயரில் உள்ள ஊருக்குத் தண்டவாளம் போடவில்லை, மலை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

காமலாபுரம் ஓடுபாதையும் ஏற்காடும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. காக்கை பறந்தால் 16 கி.மீ. சாலையில் போகிறவர் தெற்கே சேலத்துக்கு வந்து, அடிவாரத்துக்குத் திரும்பி, மலை ஏறி, அதைப்போல் மூன்று மடங்கு சுற்ற வேண்டும். சேலம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். சாய்ந்த ஏணி போல நேராகப் பாதை போட்டால் எந்த வண்டியும் ஏறாது, இறங்கும்போது எந்த பிரேக்கும் பிடிக்காது. அதனால் பாதையை மடித்து மடித்து மலையின் மார்பில் சாத்தியிருக்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். உயரத்தை நீளமாக மாற்றிக்கொள்ளும் உபாயம் அது.

வளைவுக்கு வளைவு எண் எழுதியிருக்கிறது. ஓட்டுநர் ஆரன் அடித்தபடி இடப்பக்கம் ஒதுங்குகிறார், எதிரே இறங்கும் லாரி நின்று வழிவிடுகிறது. கீழே இருந்த மூங்கிலும் முட்புதரும் மறைந்து, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய காப்பித் தோட்டம் தொடங்குகிறது. பத்தாம் வளைவு தாண்டியதும் காது அடைக்கிறது. இந்த இடத்தில் பலருக்கு வியப்பாக இருக்கும் செய்தி ஒன்று: நீண்ட தூர விமானத்தின் உள்ளே காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல வைக்கிறார்கள். லண்டனிலிருந்து வந்தவர் பத்து மணி நேரமும் ஏற்காட்டைவிட உயர்ந்த ஒரு மலையில், கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருந்த மாதிரிதான். அங்கே தொண்டை வறண்டது, இங்கே காது மட்டும் அடைக்கிறது.

கூட்டிப் பார்க்கலாம். லண்டனிலிருந்து சென்னைக்கு 8,230 கி.மீ., 10 மணி நேரம். மீதி 370 கி.மீ.க்கு, ரயில் ஐந்து மணி, மலைப்பாதை ஒரு மணி, இடையில் காத்திருப்பு என்று ஏழெட்டு மணி நேரம் ஓடிவிடும். உலகத்தின் நடுப்பகுதி சுருங்கிவிட்டது, ஓரங்கள் அப்படியே இருக்கின்றன. மழை பெய்தால் ஓரம் இன்னும் நீளும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஏற்காட்டில் கொட்டித் தீர்த்தபோது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. உக்ரைன் வானம் மூடியதற்கு விமானம் சுற்றிப் போயிற்று. இங்கே சுற்றிப் போக இருப்பது குப்பனூர் வழி ஒன்றுதான்.

ஏற்காடு ஏரிக்கரையோடு தூரம் முடிந்துவிடுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். சேர்வராயன் மலை முழுதும் மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு 1,620 மீட்டர் உயரத்துக் குகைக்கோயிலை நோக்கிக் குடும்பம் குடும்பமாக நடந்து வருகிறார்கள். பழைய நாழிகை வழி இன்றும் உயிரோடிருப்பது அவர்கள் காலடியில்தான். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தோட்டத்துப் பாதையில் தார்ச்சாலைக்கு நடத்திக் கொண்டுவந்து, இருபது வளைவும் இறக்கி, சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கிற குடும்பத்துக்குச் சேலம் எவ்வளவு தூரம் என்பதை எந்தக் கல்லும் காட்டாது. அந்தக் கடைசி ஒற்றையடிப் பாதைக்குத் தார் போடுவதும் ஒரு பஸ் விடுவதும் விமான நிலையம் கட்டுவதற்கு எந்த வகையிலும் குறைந்த வேலை அல்ல.

மாலையில் லேடீஸ் சீட்டில் கூட்டம் சேர்கிறது. வானம் தெளிந்த நாளில் மேற்கே மேட்டூர் நீர்ப்பரப்பு தகடுபோல மின்னும். கீழே ஏறி வரும் பஸ் ஒரு வளைவில் தெரிந்து, மறைந்து, அடுத்ததில் திரும்பத் தெரிகிறது. சேலத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன. மக்காச்சோளம் வாட்டுகிறவரின் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு ஒரு சிறுவன் ஓமலூர்த் திசையைக் காட்டி, "அப்பா, பிளேன் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறான்.

"கிட்டத்தான் கண்ணு. வண்டியில போனா ஒண்ணரை மணி நேரம் ஆகும்."